தாரா வளர்க்கத் தகுதியான குடும்பம்

“மற்ற ஆக்கள் எங்க?”

“எந்த ஆக்கள்?”

“குடும்பம். மனிசி, பிள்ளையள், மாமா, மாமி. ஆராவது.”

“ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான்.”

“வெளியில போயிருக்கினமா?”

“இல்லை சேர். இல்லவே இல்லை.”

“சரி, அப்ப எத்தினை மணிக்கு வருவினம்?”

கேட்டவர் நாகமணி, மாநகர வாத்து முட்டை மேம்பாட்டு ஆணையகத்தின் குடும்ப உறுதிப்படுத்தல் உத்தியோகத்தர். பதில் சொன்னவர் ஷெல்டன் சவுந்தரநாயகம், கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எழுதுவினைஞர். இருவரும் கொட்டாஞ்சேனையில் ஷெல்டனுடைய வீட்டின் பின்வளவில் நின்றார்கள். கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் மூன்று தாராக்கள், ஆணையகத்தின் பாஷையில் வாத்துகள், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்று அவர்களைப் பார்த்தன; அதில் ஒன்று நொண்டி. ஆணையகத்தின் புகைப்படக்காரர் ஸியாம் முருங்கை மரத்திலிருந்து உடுப்புக் கொடி வரைக்கும் ஒரு பதாகையைக் கட்டிக்கொண்டிருந்தார். ‘ஒரு மேசை, ஒரு குடும்பம், ஒரு முட்டை’ என்று அதில் எழுதியிருந்தது.

“முழுக் குடும்பத்துக்கும் ஒரு முட்டையா?” என்று ஷெல்டன் கேட்டார்.

“அது சுலோகம். சுலோகத்தைச் சாப்பிடுறேல்லை,” என்றார் நாகமணி.

ஆணையகத்தின் நடைமுறை இதுதான்: தாராக்கள் முதலில் நம்பிக்கையின் பேரில் வழங்கப்படும். பிறகு ஒரு நாள் உத்தியோகத்தர் வருவார். பயனாளியின் குடும்பம் மேசையைச் சுற்றி அமர்ந்து முட்டை சாப்பிடும் காட்சி படம் பிடிக்கப்படும். படத்தில் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும், நால்வரும் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்தப் படம் கிடைத்தால் தாராக்கள் சொந்தம். கிடைக்காவிட்டால் ஆணையகத்தின் வண்டி வந்து அவற்றை ஏற்றிக்கொண்டு போகும்.

ஷெல்டன் தாரா கேட்டுப் போனவரல்ல. தாயார் இறந்த பிறகு பொதுக் கூட்டங்களுக்குப் போகும் பழக்கம் அவரிடம் ஏற்பட்டிருந்தது. மண்டபங்களில் மின்விசிறி இருக்கும், கதிரை இருக்கும், வாசலில் நிற்கும் யாராவது “வாங்கோ, வாங்கோ, முன்னுக்கு வந்து இருங்கோ” என்பார்கள். டெங்கு ஒழிப்பு, வருமான வரி, பாலூட்டும் தாய்மாருக்கான போசாக்கு என்று எல்லாக் கூட்டத்திலும் அவர் முன்வரிசையில் இருந்திருக்கிறார். பாலூட்டும் தாய்மார் கூட்டத்தில் நன்றியுரை சொல்ல ஆளில்லாமல் போனபோது அவரையே எழுப்பிவிட்டார்கள். அவரும் எழுந்து எல்லாருக்கும் நன்றி சொன்னார்.

அப்படித்தான் ஒரு மழை நாளில் வாத்து வழங்கும் விழாவுக்கும் போய்ச் சேர்ந்தார். நாட்டில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் ஆரம்பிக்கப்பட்டது அந்த ஆணையகம். அதற்கு ஒரு கட்டடம், ஒரு பணிப்பாளர், வாகனங்கள், இலச்சினை எல்லாம் வந்து சேர்வதற்குள் கடைகளில் முட்டை தட்டுத் தட்டாக அடுக்கிக் கிடந்தது. ஆனால் ஒரு ஆணையகம் உருவாகிவிட்ட பிறகு, அது எதற்காக உருவானது என்று கேட்டு அதைச் சங்கடப்படுத்துவது நாகரிகமல்ல.

பிரதம அதிதி வரத் தாமதமானது. மேடையில் மங்கல விளக்குக்குப் பக்கத்தில் நாடா கட்டிய பெட்டிகளுக்குள் தாராக்கள் காத்திருந்தன. பொழுதைப் போக்க, மறைந்த கோழி வளர்ப்பு முன்னோடிகளுக்காக மௌன அஞ்சலி செலுத்தும்படி அறிவித்தார்கள். அந்த மௌனத்தின் நடுவில் ஒரு தாரா பெட்டிக்குள் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு, ஒரு முட்டை இட்டது. முன்வரிசையிலிருந்த ஷெல்டன் கை தட்டினார். வேறு ஒருவரும் தட்டவில்லை. திட்டத்தைப் பிரதம அதிதி இன்னும் ஆரம்பித்து வைக்காதபடியால் அந்த முட்டை இடப்படவில்லை என்று ஒலிபெருக்கியில் தெளிவுபடுத்தப்பட்டது. ஒரு உத்தியோகத்தர் போய் முட்டையை மறைத்துக்கொண்டு நின்றார். பிரதம அதிதி வந்து, விளக்கேற்றி, பொன்னாடை வாங்கி, பேசி முடிக்கும் வரை அவர் அசையவில்லை.

அதற்குள் மழையில் பாதிச் சனம் போய்விட்டது. மேடையில் ஒரு பெட்டி மிஞ்சியது. “முன்னுக்கு இருக்கிற அய்யா, நீங்க எடுங்கோ,” என்று யாரோ சொன்னார்கள். ஷெல்டன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு திரும்பினார்.

தாரா வளர்ப்பது பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தாராக்களுக்குத் தெரிந்திருந்தது. கந்தோருக்குப் பொதி வந்த ஒரு மரப்பெட்டியில் கூடு செய்து வைக்கோல் போட்டார். கீரிக்குப் பயந்து மாலையில் அடைத்தார். தவிடும் சோறும் குழைத்து, சந்தையிலிருந்து கொண்டுவந்த மீன் செதிலையும் சேர்த்து வைத்தார். மூக்கு மூழ்குகிற ஆழத்துக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் அவை சாப்பிடாது என்பதை, முழுவதும் சாப்பிடாமல் இருந்து அவருக்குக் கற்பித்தன. காலையில் கூட்டைத் திறந்தால் வைக்கோலுக்குள் முட்டைகள் இருக்கும், கோழி முட்டையைவிடப் பெரிதாக, மங்கிய வெள்ளை நிறத்தில், சூடாக. உள்ளங்கையில் அந்தச் சூட்டை வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் நிற்பார். வேலைக்குப் போகும்போது “போட்டு வாறன்” என்பார். அந்த வீட்டில் அப்படிச் சொல்ல ஆள் கிடைத்து நாளாகியிருந்தது.

இப்போது நாகமணி மேசைக்குப் பக்கத்தில் கிடந்த ஒரேயொரு கதிரையைப் பார்த்தார்.

“மிஸ்டர் ஷெல்டன், நீங்கள் ஒரு ஆள் சாப்பிடுறதுக்கு மூண்டு வாத்தா?”

“நான் பக்கத்து ஃபிளாட் ஆக்களுக்கும் குடுக்கிறனான். வாட்ச்மேனிட்டக் குடுத்து விடுவன்.”

“அவை குடும்பமில்லை. அவை பயன்பெறும் அயல்.”

“அப்ப இப்பிடிச் செய்வமா சேர்? நானும் தாராக்களும் சேந்து மேசையில இருந்தால் நாலு பேர் வருதுதானே.”

நாகமணி இதை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ஸியாம் தாராக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கதிரைகளுக்குப் பதிலாகக் கவிழ்த்து வைத்த வாளிகளில் நிறுத்தி ஒரு படம் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது. படத்தில் ஒரு முதலாளியும் மூன்று ஊழியர்களும் இருப்பது போலத் தெரிகிறது என்றும், ஊழியர்களின் வாய்கள் மூடியிருக்கின்றன என்றும் பணிப்பாளர் சொல்லியிருந்தார்.

“நீங்கள் கந்தோருக்கு வந்து பணிப்பாளரோட கதையுங்கோ,” என்றார் நாகமணி. பதாகையைச் சுருட்டினார்கள். போகும்போது ஸியாம் மட்டும் திரும்பி வந்து, “அந்த நொண்டுறது நல்லா போஸ் குடுத்திச்சு அண்ணன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆணையகத்தின் தலைமையகம் புதுக்கடையில், வழக்குக்கு வருகிறவர்களும் கறுப்புக் கோட்டுகளும் நெரியும் தெருவில் இருந்தது. வாசலில் காவலாளி ஷெல்டனை மறித்து, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, தனியாகவா வந்தது என்று சிங்களத்தில் கேட்டார்.

“தனியமத மஹத்தயா?”

“ஒவ்,” என்று ஷெல்டன் ஒத்துக்கொண்டார்.

காவலாளி உதட்டைப் பிதுக்கினார். குடும்பமாக வந்தவர்களுக்கு மின்விசிறிக்குக் கீழே கதிரைகள் போட்டிருந்தன. தனியாக வந்தவர்களுக்குப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு வாங்கு இருந்தது. அதில் ஷெல்டனைத் தவிர ஒருவரும் இல்லை. தனியாள்கள் சேர்ந்து வருவதில்லை என்பது ஆணையகத்துக்கு வசதியாக இருந்தது.

பணிப்பாளர் பெரியதம்பி கனிவான மனிதர். அவருடைய அறையில் தாரா எதுவும் இல்லை, ஆனால் சுவர் முழுவதும் தாராக்களின் படங்கள் இருந்தன. ஷெல்டன் சொன்னதையெல்லாம் கண்களை மூடிக் கேட்டார். பிறகு திறந்தார்.

“மிஸ்டர் ஷெல்டன், வாத்து எண்டால் என்ன? வாத்து ஒரு சமூகப் பிராணி. தனிய விட்டால் அது சாப்பிடாது. நீந்தாது. ஒரு மூலையில போய் நிண்டு சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கும். நான் கண்ணால கண்டனான். ஒரு வாத்தைத் தனிய வச்சிருக்கிறது எங்கட ஆணையகத்தின்ர பார்வையில பெருங் கொடுமை. அதுக்குத்தான் ஆருக்கும் மூண்டுக்குக் குறையக் குடுக்கிறேல்லை. துணையிழந்த வாத்துகளுக்கெண்டு நுகேகொடையில ஒரு பிரிவே வச்சிருக்கிறம். ஒரு மிஸ் வந்து அதுகளோட கதைக்கிறவ. பின்னேரத்தில வானொலி போட்டு விடுறம்.”

“அது நல்ல விசயம் சேர்,” என்றார் ஷெல்டன். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். “ஆனால் நானும் தனியத்தானே இருக்கிறன். அதுகள் இருக்கிறது எனக்கும்...”

“மனிதர் எங்கட விடயப் பரப்புக்குள்ள வரேல்லை,” என்றார் பணிப்பாளர் வருத்தத்தோடு. “நீங்கள் ஒரு வாத்தாக இருந்திருந்தால் நான் இண்டைக்கே நடவடிக்கை எடுத்திருப்பன்.”

விதிவிலக்கு ஏதாவது உண்டா என்று ஷெல்டன் கேட்டார். பெரியதம்பி எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த ஒரு பெரிய படத்தைக் காட்டினார். ஒரு தகப்பன், ஒரு தாய், ஒரு மகள், ஒரு முதியவர், நான்கு திறந்த வாய்கள்.

“இது எங்கட மாதிரிக் குடும்பம். இப்பிடி ஒண்டு கொண்டு வாங்கோ.”

ஷெல்டன் உற்றுப் பார்த்தார். “இந்த அப்பா... நீங்களல்லோ சேர்?”

“ஓம். மனிசியா இருக்கிறது எங்கட கணக்காளர். மகள் வரவேற்பில இருக்கிற பிள்ளை. ஐயாவா இருக்கிறது டிரைவர்.”

“உங்கட சொந்தக் குடும்பம்?”

“அவை பிறிஸ்பேன்ல. பத்துப் பன்ரெண்டு வருசமாச்சு.” பெரியதம்பி படத்தின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். “என்ர விசயம் வேற, மிஸ்டர் ஷெல்டன். என்ரது உத்தியோகபூர்வத் தனிமை. வெள்ளிக்கிழமை வண்டி வரும். அதுக்கு முதல் படம் வந்தால் வண்டியை நிப்பாட்டுறன்.”

அன்று மாலை ஷெல்டன் மெல்பேர்னில் இருக்கும் தங்கை டோரினுக்கு அழைப்பு எடுத்தார்.

“வாறதோ? ஒரு படத்துக்கோ?” என்றாள் டோரின். “அண்ணா, உங்களுக்கென்ன பிடிச்சிட்டுது? அந்த வளவை ஃபிளாட் கட்டுறவனுக்குக் குடுத்திட்டு இங்க வாங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“வந்து?”

“வந்து... வரலாம்தானே. முதல்ல அங்க பாத்து எல்லாம் முடியுங்கோ. சரி, இங்க பிள்ளையள் நித்திரை. வைக்கட்டே?”

அடுத்த நாள் அவர் மறுபடி புதுக்கடைக்குப் போனார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. தலைமையகத்தின் வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் அவரைப் பார்த்ததும் கிட்ட வந்தார். மக்கீன் என்று பெயர். வழக்குக்கு வருகிறவர்களுக்கு முத்திரை, பேனை, போட்டோக் கொப்பி எல்லாம் ஓடி ஓடி எடுத்துக் கொடுப்பவர். ஆணையகம் வந்த பிறகு தொழிலைக் கொஞ்சம் விரிவாக்கியிருந்தார்.

“தாரா கேஸா நானா?”

“ஓம்.”

“மொகத்தப் பாத்தாலே வெளங்குது. என்னா கொறயுது? பொஞ்சாதியா, புள்ளயா?”

“எல்லாம் குறையுது.”

“அப்ப முழு செட்டே எடுங்க, அதான் லேசி. பொஞ்சாதி, மகள், மாமா. மாமாவுக்குக் காது கேக்காது, அது ஒங்களுக்கு நல்லம். கிறிஸ்தியானி ஊடா? அப்ப றேணுகாவத்தான் அனுப்பணும். நல்ல புள்ள, அந்தச் சாப்பாட்டுக் கடையிலதான் வேல. ஊட்டுல ஒரு மணித்தியாலம் ஈந்தா, அஞ்சு வருசம் ஈந்த மாதிரி ஈக்கும்.”

அவர்கள் மூவரும் வியாழக்கிழமை மாலை ஒரு ஆட்டோவில் வந்தார்கள். றேணுகாவுக்கு நாற்பது வயதிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “இஞ்சாருங்கோ, இந்தக் கேற் ஏன் இப்பிடிக் கத்துது? எண்ணெய் விடக் கூடாதே?” என்றாள். ஷெல்டன் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

அவள் நேராகக் குசினிக்குள் போனாள். “வெங்காயம் எங்க வைக்கிறனீங்கள்?” என்று கேட்டாள். அவர் காட்டினார். “கறித்தூள்?” காட்டினார். “இதுவோ கறித்தூள்? மணக்கவே இல்லை. எத்தினை நாளாக் கிடக்குது?” குழம்பு கொதித்தபோது மகளாக வந்த பெண் பாடப்புத்தகம் ஒன்றை விரித்துக்கொண்டு கூடத்தில் இருந்தாள், மாமனார் ஜன்னல் பக்கம் இருந்து தூங்கினார், எல்லாமே ஒரு வீடு போல இருந்தது. ஷெல்டன் எங்கே நிற்பதென்று தெரியாமல் பின்வளவுக்கும் குசினிக்கும் நடுவிலிருந்த வாசற்படியில் நின்றார்.

“சும்மா நிக்காமல் கதிரையளைப் போடுங்கோவன்,” என்றாள் றேணுகா.

“ஒரு கதிரைதான் இருக்குது.”

“அப்ப மூண்டு பேர் வந்தால் என்ன செய்யிறனீங்கள்?”

அவர் யோசித்தார். “வாறேல்லை.”

அவள் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு ஆட்டோக்காரரை அனுப்பிப் பக்கத்து ஃபிளாட் காவலாளியிடம் கதிரை வாங்கி வரச் செய்தாள்.

நாகமணியும் ஸியாமும் ஷெல்டன் அறிவித்திருந்த நேரத்துக்குச் சரியாக வந்தார்கள். பதாகை கட்டப்பட்டது. நால்வரும் மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். “வாயைத் திறவுங்கோ,” என்றார் ஸியாம். மாமாவுக்கு மட்டும் சைகையால் சொல்ல வேண்டியிருந்தது. ஷெல்டன் முட்டையை வாய்க்குக் கொண்டுபோன அந்த நேரம் பார்த்து, “ஐயோ, சட்டையில சிந்துது, பாத்து!” என்று றேணுகா அவர் கையைப் பிடித்தாள். அந்தப் படம்தான் சரியாக விழுந்தது.

“குடும்பம் எண்டால் இதுதான்,” என்றார் நாகமணி.

ஆணையகத்தின் வாகனம் தெருமுனையைத் தாண்டியதும் மகள் புத்தகத்தை மூடினாள். மாமாவை எழுப்பினார்கள். றேணுகா கைப்பையை எடுத்துக்கொண்டு, “அப்ப நாங்கள் வாறம் சேர்,” என்றாள். அந்த ‘சேர்’ ஷெல்டனுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

அவர்கள் போன பிறகு நான்கு கோப்பைகளைக் கழுவினார். மூன்றை எங்கே அடுக்குவதென்று தெரியவில்லை. தாராக்கள் அன்று கூட்டுக்குள் போக வெகுநேரம் எடுத்தன. புதிய ஆட்கள் வந்துபோனால் தாராக்களுக்கு அப்படித்தான், ஒன்றிரண்டு நாள் முட்டையும் இடாது.

வண்டி வரவில்லை. மாறாக, இரண்டு கிழமை கழித்து நாகமணி வந்தார், பதாகை இல்லாமல், ஸியாம் இல்லாமல். மழைக்கோட்டைக் கழற்றாமலே ஷெல்டனின் தோளில் கை வைத்தார்.

“இருங்கோ மிஸ்டர் ஷெல்டன். நீங்கள் இருந்துகொண்டு கேக்கிறதுதான் நல்லது.”

“என்ன நடந்தது சேர்?”

“உங்கட படம்தான் இந்த வருசத்துச் சிறந்த குடும்பம் எண்டு தெரிவாகியிருக்கு. பொன்னாடை, கேடயம், எல்லாம்.” நாகமணி பெருமூச்சு விட்டார். “ஆனால் அதே கிழமை வெள்ளவத்தையில எடுத்த படம் ஒண்டு வந்தது. அதில... எப்பிடிச் சொல்லுறது... உங்கட மனிசி வேற ஒரு ஆளோட இருக்கிறா.”

ஷெல்டன் அப்போதுதான் கதிரையில் அமர்ந்தார்.

“அவரையும் கையைப் பிடிச்சிருக்கிறா. மகளையும் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறா. மாமனாரும் அவ பக்கம்.” நாகமணி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். “நீங்கள் நல்ல மனுசன். உங்களுக்கு இப்பிடி வந்திருக்கக் கூடாது.”

உண்மையைச் சொல்ல அதுவே தருணம். ஆனால் இத்தனை அக்கறையோடு ஒருவர் தன் தோளில் கை வைத்து ஷெல்டனுக்கு வெகுகாலமாகிவிட்டது. அதைத் தட்டிவிட அவருக்கு மனம் வரவில்லை. அதைவிட விசித்திரம், அவருக்கு நெஞ்சுக்குள் உண்மையாகவே எதுவோ வலித்தது.

“அவ சந்தோசமா இருக்கிறாவா அந்தப் படத்தில?” என்று கேட்டார்.

“வாய் திறந்திருக்கு,” என்றார் நாகமணி. “அதுக்கு மேல எங்களால சொல்ல ஏலாது.”

மோசடி என்ற ஒன்றை ஆணையகம் எதிர்பார்த்திருக்கவில்லை, ஆகவே அதற்கு நடைமுறையும் இல்லை. குடும்பப் பிரிவுக்கு இருந்தது. கணவனும் மனைவியும் பிரிந்தால் வாத்துப் பராமரிப்பு விசாரணை நடைபெறும்.

விசாரணை தலைமையகத்தின் மேல்மாடியில், குளிரூட்டிய அறையில் நடந்தது. தாராக்களைப் பெட்டியில் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஷெல்டன். மறுபக்கம் றேணுகா, கடையில் அரை நாள் லீவு போட்டு, மேலங்கியைக் கழற்ற நேரமில்லாமல் வந்திருந்தாள். நடுவில் பெரியதம்பி, நாகமணி. மூலையில் ஸியாம், கமராவோடு.

“இது வாத்துகளின்ர நன்மைக்கான விசாரணை,” என்று பெரியதம்பி ஆரம்பித்தார். “உங்கள் ரெண்டு பேரின்ர மனவேதனையும் எங்களுக்கு விளங்குது. ஆனால் அது எங்கட விடயப் பரப்பில்லை. மிஸிஸ் ஷெல்டன், நீங்கள் ஏன் பிரிஞ்சு போனீங்கள்?”

“நான் எங்கயும் போகேல்லை சேர். நான் கடைக்கு வேலைக்குப் போனனான்.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. மிஸ்டர் ஷெல்டன், உங்கட பக்கம்?”

ஷெல்டன் யோசித்தார். கேள்வி கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லிப் பழகிய மனிதர் அவர். “நான் கதைக்கிறது குறைவு சேர். வீட்டில ஒரு கதிரைதான் வச்சிருந்தனான். ஒரு ஆள் வந்தால் இருக்க இடமில்லை. அது என்ர பிழைதான்.”

“அது அவரின்ர பிழை இல்லை,” என்றாள் றேணுகா.

“பாருங்கோ, அவ இன்னும் விட்டுக் குடுக்கேல்லை,” என்று நாகமணி பணிப்பாளரின் காதில் சொன்னார். அது எல்லாருக்கும் கேட்டது.

“விட்டுக் குடுக்க என்ன இருக்குது?” றேணுகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்த மனிசன் பழைய கறித்தூளைப் போட்டுச் சாப்பிடுறார். கேற் கத்துது, எண்ணெய் விடுறேல்லை. இஞ்சாருங்கோ, எண்ணெய் விட்டீங்களே, இல்லையே?”

“விட்டனான்,” என்றார் ஷெல்டன்.

ஸியாம் கமராவைத் தூக்கினார், பிறகு ஏனோ இறக்கிவிட்டார்.

பெரியதம்பி தீர்ப்பைச் சொன்னார். சிறு பிள்ளைகள் தாயோடு இருப்பதே உலக வழக்கம் என்றபடியால் வாத்துகள் மனைவியின் பொறுப்பில் விடப்படுகின்றன. மனைவியின் இருப்பிடம் எங்கே?

“கிருலப்பனை. மேல்மாடியில ஒரு அறை,” என்றாள் றேணுகா. “சேர், அங்க நான் குளிக்கவே கீழ இறங்கி வரோணும். தாராவை எங்க வைக்கிறது, கட்டிலுக்குக் கீழயா? அவருக்கே குடுங்கோ. அவர்தான் அதுகளை ஒழுங்காப் பாக்கிறவர்.”

“அவர் தனியாள்.”

“நானும் தனியாள்தான்!”

இதைச் சொன்னவுடன் அவள் வாயை மூடிக்கொண்டாள். அதுவரை அந்தத் தகவலை அவள் மக்கீனுக்குக் கூடச் சொன்னதில்லை போலத் தெரிந்தது.

“அப்பிடியெண்டால் வாத்துகள் நுகேகொடைக்கு,” என்றார் பெரியதம்பி. “அங்க எல்லாத்தையும் தனித்தனிக் கூட்டில வச்சுத்தான் அவதானிக்கிறது. தனிமை எந்தளவுக்குக் கூடாதெண்டு நிறுவ வேணுமல்லோ. நீங்கள் பயப்பிடத் தேவையில்லை, வானொலி இருக்குது.”

பெட்டிக்குள் நொண்டித் தாரா எழுந்து, மற்ற இரண்டின் மேலும் ஏறி இருந்தது. ஷெல்டன் எழுந்து நின்றார். எழுந்த பிறகுதான் என்ன சொல்வதென்று தெரியாது என்பது அவருக்கு நினைவு வந்தது.

“வேற வழி ஒண்டும் இல்லையா சேர்?”

பெரியதம்பி இரு கைகளையும் மேசையில் விரித்தார். இதுவரை இல்லாத ஒரு மென்மை அவர் முகத்தில் வந்தது. வழக்கமாகச் சுவரில் இருந்த மாதிரிக் குடும்பத்தைத் துடைக்கும்போது மட்டும் வருகிற மென்மை அது.

“ஒண்டு இருக்குது. மீளிணைவு. கணவன் மனைவி திரும்பச் சேர்ந்தால் ஆணையகம் தலையிடாது. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை, அதாலதான் நான் சொல்லுறேல்லை. ஆனால் கணவன் தன்ர வாயாலயே கேக்கோணும். எங்கட முன்னிலையில. நாங்கள் சொல்லிக் குடுக்க ஏலாது.”

நாகமணி கைக்குட்டையை எடுத்து ஆயத்தமாக வைத்துக்கொண்டார். குளிரூட்டி உறுமியது. கீழே தெருவில் யாரோ ஒரு வழக்கின் இலக்கத்தைக் கூவிக் கூவி ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஷெல்டன் மேசையைச் சுற்றி நடந்து போய் றேணுகாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சமையல் மேலங்கியில் மஞ்சள் கறை இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒரு மணித்தியாலம் ஐந்து வருடம் போல இருக்கச் செய்கிற ஒருத்திக்கு இருக்கக்கூடிய அத்தனை களைப்பும் அந்த முகத்தில் இருந்தது. சொல்ல வேண்டியது தாராக்களுக்காக என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அவர் பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை.

“ஒரு நாளைக்கெண்டு இல்லை, றேணுகா,” என்றார். “வீட்டுக்கு வாறீங்களா?”